கேட்காமல் வைத்தியம் இல்லை

ஓநாய் கடித்தது எந்தக் காலில் என்று அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ரெண்டுல ஏதோ ஒண்ணு அக்கா. ஏழு புள்ளி போச்சு, குறைச்சுக்கிட்டேன், மேல போங்க," என்கிறான் எதிரே உட்கார்ந்திருக்கும் லிஃப்ட் மெக்கானிக். அவன் கால் வைத்தாலே லிஃப்டில் அபாய மணி அடிக்கும் என்று சொல்லி, கூட வேலை பார்க்கிறவர்கள் அவனுக்கு ஓவர்லோடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் அவனும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறான்.

"ஏதோ ஒண்ணுன்னா கட்டு எதுல போடுறது? காத்துலயா?"

"சரி, வலது காலு."

"வலது கால்ல எங்க?"

"அக்கா, அது ஓநாயே இல்ல. நீங்க உருட்டின டைஸு."

"ஓநாய் இல்லன்னா எதுக்குடா அவ்ளோ அலறுன?"

பக்கத்தில் இருக்கும் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். ஜன்னலோரம், முதுகுக்குத் தலையணை கொடுத்து நாற்காலியில் சாய்ந்திருக்கும் அக்காவின் தம்பி மட்டும் சிரிக்காமல் தன் பகடையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருக்கிறான். அக்கா காத்திருக்கிறாள். கெண்டைக்கால், பின்பக்கம், பல் ஆழமாக இறங்கியிருக்கிறது என்று ஓவர்லோடு ஒப்புக்கொண்ட பிறகுதான் கதை அடுத்த மரத்தைத் தாண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துவிட்டு இந்த நால்வரும் உட்காரும் மேஜையில் பலகையும் கிடையாது, நகர்த்தக் காய்களும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள். கதவு திறந்ததா, வாள் பட்டதா, பாலத்தைத் தாண்டினானா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொருவருக்கும் உயிர்ப் புள்ளி என்று ஒரு கணக்கு உண்டு. அடிபட்டால் குறையும். ஒன்றுமில்லாமல் போனால் ஆள் விழுந்துவிடுவான். யாராவது வைத்தியம் செய்யாவிட்டால் செத்துவிடுவான். ஓவர்லோடு கோடரி வீரன். டீச்சர் வைத்தியச்சி. தம்பி வில்லாளி. கதையை நடத்துகிறவள் அக்கா.

மற்ற நாட்களில் அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸிங் ரூமில். தையல் போட்டவை, தீயில் வெந்தவை, படுத்தே கிடந்து புண்ணானவை என்று எல்லா உடம்பும் அந்த அறைக்கு வந்து போகும். காய்ந்து ஒட்டிப்போன துணியை அவள் வெடுக்கென்று இழுக்க மாட்டாள். உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வெளியே வரிசை முணுமுணுக்கும். "ஊறாம இழுத்தா புதுத்தோலும் சேர்ந்து வரும். அப்பறம் நாளைக்கும் நீதான் கத்தணும்," என்பாள், படுத்திருப்பவரிடமோ சுவரிடமோ தெரியாமல். பிளாஸ்திரி கிழித்ததும் சுருளின் நுனியை உள்பக்கமாக மடித்து வைப்பாள், அடுத்து எடுக்கிறவர் நகத்தால் தேடக் கூடாது என்று. வீட்டில் பார்சல் ஒட்டும் நாடாவுக்கும் அதே மடிப்புதான். இதை யாரும் கவனித்துப் பாராட்டியதில்லை. பாராட்டுக்கு உரிய பெரிய விஷயமும் இல்லை.

அவளைப் பார்த்த உடனே பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது. "சரியாயிடுமா சிஸ்டர்?" என்று நோயாளியின் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அவள் புண்ணை ஒருமுறை பார்ப்பாள், கேட்டவரை ஒருமுறை பார்ப்பாள். "இப்ப சொல்ல முடியாது." அவ்வளவுதான். இதைப் பற்றித் தலைமை நர்ஸிடம் புகார் போயிருக்கிறது.

"சும்மா ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டா என்ன குறைஞ்சிடும்?" என்று அந்த அம்மாள் கேட்டாராம்.

"சும்மா சொல்ற வார்த்தைக்கு நான் எதுக்கு மேடம்? வாசல்ல செக்யூரிட்டி இருக்காரு, அவரையே சொல்லச் சொல்லுங்க."

இப்படிப்பட்ட ஒருத்தி பூதமும் மந்திரவாதியும் வரும் விளையாட்டுக்குள் எப்படி வந்தாள் என்றால், தேநீர்த் தட்டோடு வந்தாள்.

தம்பியும் லிஃப்ட் மெக்கானிக்தான். ஓவர்லோடுக்கு ஜோடி. ஒருநாள் லிஃப்ட் கூண்டின் மேலே நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் கால் பிசகிக் குழிக்குள் விழுந்தான். முதுகெலும்பில் தகடும் திருகும் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அக்காவுக்கும் அவனுக்கும் வேறு யாரும் இல்லை. அவள் வீட்டில், அவள் கட்டிலில் மாதக்கணக்கில் மல்லாந்து கிடந்தான். கூரையைப் பார்த்தே பைத்தியம் பிடித்துவிடும் என்று ஓவர்லோடுதான் எங்கிருந்தோ இந்த விளையாட்டின் விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்தான், அதைக் கரைத்துக் குடித்திருந்த டீச்சரையும் கூட்டி வந்தான். டீச்சர் கீழ் மாடியில் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். மூவரும் கட்டிலைச் சுற்றி விளையாடினார்கள். அக்கா தேநீர் வைத்துவிட்டுப் போகாமல் கதவருகே நின்றாள்.

கோடரி வீரனின் வயிற்றில் ஈட்டி பாய்ந்திருந்தது. டீச்சர் சாதாரணமாகச் சொன்னாள்: "சரி, ராத்திரி கூடாரம் போட்டுத் தூங்குறோம். காலைல எல்லாருக்கும் முழுப் புள்ளி."

"என்னது?" என்றாள் அக்கா.

"தூங்கி எழுந்தா காயம் எல்லாம் போயிடும் அக்கா. புக்ல அப்படித்தான்."

"வயித்துல ஈட்டி?"

"ஆமா."

"எந்த ஆஸ்பத்திரில?"

கட்டிலில் கிடந்தவன் சிரித்தான். விழுந்ததற்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டது, பல்லைக் கடித்தான். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நாளில் கதையை நடத்தும் வேலையும் அவள் கைக்கு வந்துவிட்டது.

வந்ததும் அவள் முதலில் கை வைத்தது குணமாகும் விதியில்தான். அவள் மேஜையில் தூக்கம் காயத்தை ஆற்றாது. வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட வேண்டும், கட்டு மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் சீழ் வைக்கும். எலும்பு முறிந்தால் கதைக்குள்ளேயே வாரங்கள் போகும். கதாநாயகர்கள் மூவரும் ஒரு சத்திரத்தில் காலை நீட்டிப் படுத்திருக்க, மந்திரவாதி மட்டும் நிம்மதியாக ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டே போன ஞாயிறுகள் உண்டு. மருந்துக் குப்பி குடித்தால் வலி குறையும், சதை சேராது.

"நாம பூதத்தைக் கொல்ல வந்தோமா, புண்ணு கழுவ வந்தோமா?" என்று ஓவர்லோடு மேஜையில் அடிப்பான்.

"நீ ஒழுங்கா கேடயம் பிடிச்சிருந்தா கழுவ வேண்டியதே இல்லயே."

"பக்கம் எடுத்துக் காட்டவா அக்கா?" என்பாள் டீச்சர், புத்தகத்தைத் திறந்தபடி.

"காட்டுங்க. இதை எழுதினவங்களுக்கு ஒரு கட்டி வந்து உடைஞ்சிருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டாங்க."

டீச்சர் சுலபமாக விடுகிறவள் இல்லை. உயிர்ப் புள்ளி என்பது சதை இல்லை என்று ஒருநாள் வாதம் செய்தாள். அது தைரியம், மூச்சு, அதிர்ஷ்டம், இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்கிற எண்ணம், எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டுத்தொகை. அதனால்தான் ஒரே ஒரு புள்ளி மிச்சம் இருக்கிறவனும் முழுசாக இருக்கிறவன் போலவே வாள் சுற்றுகிறான். அதனால்தான் தூங்கி எழுந்தால் திரும்பி வருகிறது.

அக்கா இதை யோசித்தாள். அவள் யோசிக்கும்போது விரல் நகங்களைப் பார்ப்பாள், ஒட்ட வெட்டிய நகங்கள்.

"அப்ப சதைக்கு எங்க கணக்கு வெச்சிருக்காங்க?"

"சதைக்குக் கணக்கு இல்ல அக்கா. வெச்சிருந்தா யாரும் விளையாட மாட்டாங்க."

அக்கா விதியை மாற்றவில்லை. ஆனால் டீச்சர் சொன்னதில் உண்மை இருந்தது என்பது அன்று ராத்திரி சமையலறையைத் துடைக்கும்போதும் அவளை விடவில்லை. ஒரு புள்ளியோடு முழு வேகத்தில் நடமாடுகிற ஆட்களை அவள் தினமும்தான் பார்க்கிறாள். அவர்கள் விழுகிற வரை யாருக்கும் தெரிவதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருக்கிறாள். வேறு எந்த மேஜையிலும் இப்படி ஒன்று இருக்க வாய்ப்பில்லை. வைத்தியம் செய்கிறவர் பகடையைத் தொடுவதற்கு முன் அடிபட்டவரைப் பார்த்து "எங்க வலிக்குது?" என்று கேட்க வேண்டும். அடிபட்டவர் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் பகடை கிடையாது. கேட்காமல் வைத்தியம் இல்லை, சொல்லாமல் குணம் இல்லை. தன்னைத் தானே கேட்டுக்கொள்வதும் செல்லாது.

"அப்ப எனக்கு அடிபட்டா யாரு கேப்பா?" என்றாள் டீச்சர். வைத்தியச்சி பாத்திரத்தை அவள் விரும்பி எடுக்கவில்லை. யாரும் எடுக்காததால் அவள் தலையில் விழுந்தது. "எல்லாருக்கும் நான் கேக்கணும். நான் பாட்டுக்கு மூலைல ரத்தம் வழிஞ்சு கிடக்கணுமா? வீட்லதான் அந்த நெலமன்னா இங்கயுமா?"

"நான் கேக்கறேன் டீச்சர்," என்றான் ஓவர்லோடு பெருந்தன்மையாக. அடுத்த வாரமே டீச்சர் அடிபட்டு விழுந்தபோது அவன் எதிரியின் பையைத் துழாவிக்கொண்டிருந்தான்.

இந்த விதி ஏன் என்று அவர்கள் கேட்டதுண்டு. "ஆஸ்பத்திரில அப்படித்தான்," என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். காரணம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது.

தம்பியை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொல்லியிருந்தார்: "இப்போதைக்கு நிக்கும். ஆனா உள்ள நரம்பு எப்ப வேணா நசுங்கலாம். வலி கூடினாலோ, கால் மரத்துப்போனாலோ உடனே கூட்டிட்டு வாங்க. அப்பறம் பார்த்துக்கலாம்னு விட்டா அந்தக் கால் அவர் பேச்சைக் கேக்காது." மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்றும், திறந்தால் எப்படி வெளியே வருவான் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். தம்பி அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அன்றிலிருந்து டூட்டிக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பாள்.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா."

"எங்கயாவது?"

"எங்கயும் இல்லக்கா. நீ போ, பஸ்ஸ விட்டுடுவ."

அவன் சொல்வது பொய் என்று ஆரம்பத்தில் அவளுக்கு நன்றாகத் தெரியும். தலையணை உறையின் ஓரம் கடித்துக் கடித்து நூல் பிரிந்து கிடந்தது. அவள் புது உறை மாட்டினாள், அதுவும் பிரிந்தது. இவன் வாயிலிருந்து வலி என்ற சொல் வரவே வராது, ஒருநாள் காலம் கடந்து போய் நிற்போம் என்று பயந்தாள். விளையாட்டிலாவது ஒரு தடவை சொல்லிப் பழகட்டும். வில்லாளிக்கு வலிக்கிறது என்று சொல்லிவிட்டால் பிறகு தனக்கு வலிக்கிறது என்று சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்காது. இதுதான் அவள் போட்ட கணக்கு. யாரிடமும் சொல்லவில்லை.

அவனோ அடியே படாமல் விளையாடினான். எப்போதும் கடைசி வரிசை. எப்போதும் ஒரு மரத்துக்குப் பின்னால். கோடரி வீரன் உடம்பெல்லாம் கிழிந்து தொங்கும்போது வில்லாளி ஒரு கீறல் இல்லாமல் அம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பான்.

"பாருங்க டீச்சர், இந்த மாப்ளைய," என்பான் ஓவர்லோடு. "நாம செத்துச் செத்து வழி பண்ணிக் கொடுக்கணும், இவன் பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி சட்டை கசங்காம பின்னாடி வருவான்."

"சட்டை என் காசுல வாங்கினது. கசக்க மனசு வரல," என்பான் தம்பி.

அக்கா வேண்டுமென்றே பின்பக்கத்திலிருந்து எதிரிகளை அனுப்பிப் பார்த்தாள். மரத்தின் மேலிருந்து பாம்பை இறக்கினாள். பகடை அவன் பக்கமே நின்றது. வெளிப்படையாக உருட்டுகிறவள் அவள். விழுந்த எண்ணை மாற்றிச் சொல்லும் பழக்கம் அவளிடம் இல்லை. இரண்டு மழைக்காலம் இப்படியே போயிற்று.

இந்தக் கடைசி மழைக்குப் பிறகு வீட்டில் கொஞ்சம் வெளிச்சம் வந்ததாக அவளுக்குத் தோன்றியது. தம்பி இரவில் புரளும்போது முனகுவதில்லை. தலையணை உறை முழுசாக இருந்தது. மாத்திரை வேண்டாம் என்று அவனே குறைத்துக்கொண்டான். காலையில் கேட்டால் "இல்லக்கா" என்பது முன்போல் அவசரமாக இல்லாமல் நிதானமாக, முகத்தைப் பார்த்தே வந்தது. பொய் சொல்கிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அது இல்லை. யாருக்கும் நம்பிக்கை வார்த்தை சொல்லாதவள் தனக்குத் தானே ஒன்றைச் சொல்லிக்கொண்டாள். அந்த வாரங்களில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கிக்கூடப் போனாள்.

அந்த ஓநாய்க்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஒரு குகையில் இருந்தார்கள். ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய சந்து, அதன் கோடியில் காவல்காரன். வழக்கம்போல ஓவர்லோடு கோடரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

"நான் முன்னாடி போறேன்," என்றான் தம்பி.

"யாரு, நீயா? உடம்பு சரியில்லையா மாப்ள?"

"வழிய விடுடா."

"வில்ல வெச்சுக்கிட்டுச் சந்துக்குள்ள போய் என்னடா பண்ணுவ? காது குடையறதுக்கா?"

வில்லாளி சந்துக்குள் போய்விட்டான் என்பதைக் காட்டத் தம்பி தன் பகடையை மேஜையின் நடுவுக்குத் தள்ளிவைத்தான். அக்கா அவனையே பார்த்தாள். பிறகு காவல்காரனுக்காக உருட்டினாள். பெரிய எண். ஈட்டி தோளில் இறங்கியது. மறுபடி உருட்டினாள். அதுவும் பெரிய எண். வில்லாளியிடம் இருந்த உயிர்ப் புள்ளிகள் எல்லாம் தீர்ந்து, ஆள் விழுந்தான்.

ஓவர்லோடு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். காவல்காரனை இரண்டு வெட்டில் சாய்த்தான். "டீச்சர், ஓடுங்க, ஓடுங்க!"

டீச்சர் பகடையைக் கையில் எடுத்தாள். அக்கா தலையை மட்டும் அசைத்தாள். டீச்சர் பெருமூச்சு விட்டுப் பகடையை வைத்துவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"எங்க வலிக்குது?"

கீழே யாரோ லிஃப்டை அழைத்தார்கள். அது இறங்கும் சத்தம் சுவருக்குள் கேட்டது. தம்பி அந்தச் சத்தம் முடியும் வரை காத்திருந்தான்.

"வலிக்கல."

"டேய், தோள்ல ஈட்டி குத்தியிருக்குடா. தோளுன்னு சொல்லித் தொலை," என்றான் ஓவர்லோடு.

"வலிக்கல."

டீச்சர் அக்காவைப் பார்த்தாள். "அக்கா, விடுங்க, உருட்டிடறேன். செத்துடுவான்."

"அவன் சொல்லணும்."

"அதான் சொல்லிட்டானே, வலிக்கலைன்னு!"

"வலிக்கலைன்னா வைத்தியம் இல்ல," என்றாள் அக்கா. அவள் குரல் மேஜையில் எப்போதும் இருப்பது போலத்தான் இருந்தது. கை மட்டும் விதிப்புத்தகத்தின் அட்டையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் காத்திருந்து கடைசியில் இப்படியா, ஒரு பொம்மை வீரனுக்காகக்கூட ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"இது என்ன பிடிவாதம், ரெண்டு பேருக்கும்?" டீச்சர் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "ரெண்டு வருஷமா வளர்த்த ஆளு. ஒரு வார்த்தைல போகுது."

தம்பி டீச்சரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

"வலி இல்ல. இடது முட்டிக்குக் கீழ ஒண்ணுமே தெரியல."

"ஈட்டி பட்டது தோள்லதானே?" என்றாள் டீச்சர்.

"குத்தினது ஒரு இடம், போனது ஒரு இடமா?" என்று ஓவர்லோடு சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அவன் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டான்.

அக்கா விதிப்புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள். பேசியபோது அது டிரெஸ்ஸிங் ரூம் குரலாக இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"மழை விட்டதுலேர்ந்து. முதல்ல பாதம் மட்டும். விரல் இருக்கான்னு பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். இப்ப மேல ஏறிடுச்சு."

"ஏன்டா சொல்லல?"

"மறுபடி திறப்பாங்க. திறந்தா எப்படி வருவேன்னு அவருக்கே தெரியல. உனக்கும் தெரியாது, தெரியாதுன்னுதான் சொல்லுவ. ஆனா நான் பொய் சொல்லலக்கா. தினமும் வலிக்குதான்னு கேட்ட. வலிக்கல. வேற ஒண்ணும் நீ கேக்கல."

டாக்டர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். வலி கூடினாலோ, மரத்துப்போனாலோ. அவள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, அதையே காலையிலும் மாலையிலும் கேட்டு, அதையே மேஜைக்கு விதியாகவும் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கத்துகிற நோயாளிகளைக் கண்டு அவள் பயந்ததில்லை. காலில் ஆணி ஏறியது தெரியாமல் செருப்போடு நடந்து வந்து, சிரித்த முகத்தோடு உட்காருகிறவர்களைக் கண்டால்தான் கையுறையை வேகமாக மாட்டுவாள். அந்த வாரங்களில் அப்படி ஒருவனைத்தான் தேறிவிட்டான் என்று நினைத்து, பஸ்ஸில் தூங்கியிருக்கிறாள். வில்லாளியைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போய், வேறு வழியில்லாமல், அவள் போட்ட விதிக்குள்ளேயே நின்று அவன் சொல்லியிருக்கிறான்.

"நான் வண்டிய எடுக்கறேன்," என்றான் ஓவர்லோடு. சாவியைத் தேடி எல்லாப் பைகளையும் தட்டினான். சாவி கையில் இருந்தது.

"இரு. எது வரைக்கும்னு பார்த்துக்கறேன். அங்க போனதும் கேப்பாங்க."

அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்து, தம்பியின் இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளாக வீட்டுக்குள்ளும் அவன் காலுறை போட்டிருந்தான். தரை சில்லிடுகிறது என்று சொன்னதை நம்பியிருந்தாள். உருவினாள். குதிகாலில் செருப்பு வார் அறுத்த இடம் பச்சையாகத் திறந்து கிடந்தது. காலுறையின் நூல்கள் அதில் ஒட்டியிருந்தன. அவள் அதைத் தொடவில்லை. டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எவ்ளோ நாளா இது?" என்று கேட்டவள், அவன் எட்டிப் பார்த்த விதத்திலேயே அது அவனுக்கும் இப்போதுதான் தெரிகிறது என்று புரிந்துகொண்டாள்.

தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். முடி கழுத்தில் சரிந்தது. ஒதுக்கவில்லை.

"கண்ண மூடு. நான் தொடும்போதெல்லாம் 'ம்'னு சொல்லு."

அவன் மூடிக்கொண்டான். சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடுகிறவனைப் போல இறுக்கி மூடினான்.

கட்டைவிரல் நுனியில் வைத்து அழுத்தினாள். அடுத்த விரல். பாதத்தின் நடுவில். கணுக்கால் எலும்பின் மேல். தோல் குழிந்து வெளுத்து, மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தது. கெண்டைக்கால். முன்னெலும்பின் ஓரம், இரண்டு பக்கமும். ஓவர்லோடு சாவியை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டான், சத்தம் வராமல். ஹேர்பின் முட்டிச் சில்லைத் தாண்டி, இன்னும் நாலு விரல் மேலே போய் நின்றது.

"நான் ரெடி," என்றான் தம்பி, கண்ணைத் திறக்காமல். "ஆரம்பி அக்கா."

அக்கா ஹேர்பின்னை எடுத்து, மறுபடி கட்டைவிரலுக்குக் கொண்டுபோய், முதலிலிருந்து ஆரம்பித்தாள்.